கரவல் எனப் படித்த காவல்

நாவில் குடியிருந்து, ஏட்டில் இறங்கி, இன்று கண்ணுக்குப் புலப்படாத பெட்டிகளுக்குள்ளும் இருக்க இசைந்தவளே, சொல்லின் தாயே, உன் திருவடி என் தலைமேல் இருக்கட்டும். எழுதத் தொடங்குமுன் சுழியாக வந்து நிற்கும் ஆனைமுகனே, அந்தச் சுழியை எங்கே இடலாம், எங்கே இடலாகாது என்னும் அறிவையும் இனிமேல் சேர்த்துத் தருவாயாக.

இன்று விஜயதசமி, திருவோண நட்சத்திரம் கூடிய நாள். மட்டாஞ்சேரியில் எங்கள் பஜனை மடத்தில் காலையிலேயே, பூஜைக்கு வைத்த புத்தகங்களைத் திரும்ப எடுக்கும் பூஜையெடுப்பு முடிந்தது. தாம்பாளத்து அரிசியில் விரலால் ஹரிஸ்ரீ எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து அமர்ந்திருக்கிறேன். இரண்டு நாள் எழுத்தைத் தொடாமல் இருந்த கை முதலில் எதை எழுதுகிறதோ அது ஆண்டு முழுவதும் கூட வரும் என்று நம்புகிறவள் நான். ஆகவே, சென்ற ஆண்டு மகாநவமியன்று எனக்கு நேர்ந்ததை முதலில் எழுதிவிடுகிறேன்.

கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பணியில் இருந்தபோது தொடங்கிய ஓர் ஆய்விதழை இருபது ஆண்டுகள் நடத்தினேன். பழைய பக்திப் பாடல்களின் பாடவேறுபாடுகளை ஆராய்வது ஒன்றே அதன் வேலை. ஆண்டுக்கு இரண்டாக நாற்பது இதழ்கள். அச்சில் வந்ததே இல்லை. கல்லூரியின் இணையதளத்தில் இருந்தது. யாரும், எங்கிருந்தும், காசு கொடுக்காமல் படிக்கலாம். ஆண்டவனைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வாயிலில் சீட்டு வைப்பது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால், வாயில் இல்லாத வீட்டுக்குக் காவலும் இருக்காது என்பதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

சென்ற ஆண்டு புரட்டாசியில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. பழைய சர்வரை நிறுத்தப் போகிறார்கள். இதழின் பக்கங்களை முதலில் எடுத்துவிடுவார்கள். பின்னாலிருக்கும் கோப்புகள் மட்டும் குறிப்பிட்ட ஒரு நாள் மாலை ஆறு மணி வரை இருக்கும். பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். அந்த நாள் மகாநவமி. விடுமுறை நாள் என்பதெல்லாம் நேரம் குறித்துவைத்த இயந்திரத்துக்குத் தெரியாது.

நல்லவேளையாக, இப்படிப்பட்ட இதழ்களை நெடுங்காலம் காப்பதற்கென்றே வேறொரு மாநிலத்தில் ஒரு மின்காப்பகம் இருந்தது. அங்கே பொறுப்பிலிருந்த பெண் தமிழ்நாட்டுக்காரி, நாற்பது வயதிருக்கும். தொலைபேசியில் அவள் விளக்கியது என் மனத்துக்கு உடனே பிடித்துவிட்டது.

"ஒரே இடத்துல வைக்க மாட்டோம்மா. அஞ்சாறு ஊர்ல தனித்தனியா வைப்போம். அதுங்க ஒண்ணை ஒண்ணு அடிக்கடி ஒத்துப் பாத்துக்கும். ஒரு எடத்துல ஒரு எழுத்து கெட்டாலும் மத்ததெல்லாம் சேந்து சரி பண்ணிடும்."

கோஷ்டியாகப் பாடும்போது நடப்பது இதுதானே என்று நினைத்துக்கொண்டேன். ஒருத்தி வாய் தவறினால் சுற்றியுள்ள குரல்கள் அவளை இழுத்து வரிக்குள் கொண்டுவந்துவிடும். இதழ்க் கோப்புகள் அனைத்தையும் கல்லூரிச் சர்வரிலிருந்தே அவள் சொன்ன மென்பொருளில் இட்டு அனுப்பினேன். திரையில் பச்சை நிறத்தில் ஒரு குறி வந்தது. அன்று பால் பாயசம் வைத்தேன்.

என் கணவர் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிச் சரிபார்க்கும் டாலி கிளார்க்காகத் துறைமுகத்தில் தொடங்கி, பின்பு வல்லார்பாடத்தில் கன்டெய்னர் எண்ணி ஓய்வு பெற்றவர். பாயசத்தைக் குடித்துக்கொண்டே கேட்டார்: "எத்தன ஏத்தினே? எத்தன எறங்கித்து?"

"பச்சை வந்துடுத்து, நீங்கோ பேசாம குடியுங்கோ" என்றேன்.

"பச்சைன்னா கப்பல் போச்சுன்னாக்கும் அர்த்தம். சரக்கு எறங்கித்துன்னு அர்த்தமில்லை."

துர்காஷ்டமியன்று மாலை மடத்தில் பூஜைக்கு வைத்தோம். மற்றவர்கள் புத்தகம் வைத்தார்கள். நான் புத்தகங்களோடு என் மடிக்கணினியையும், நாற்பது இதழும் அடங்கிய ஹார்டு டிஸ்க்கையும், கட்டுரைப் பெயர்களை எழுதிவைத்த ஒரே குறிப்பேட்டையும் மஞ்சள் பட்டில் சுற்றி வைத்தேன். கதவைப் பூட்டினால் விஜயதசமி காலையில்தான் திறப்பார்கள். அதுவரை படிப்பதும் இல்லை, எழுதுவதும் இல்லை.

மகாநவமி காலை ஒன்பது மணிக்குக் காப்பகத்துப் பெண் அழைத்தாள். குரலில் தயக்கம் இருந்தது.

"அம்மா, லீவு நாள்ல தொந்தரவு பண்றேன். நீங்க அனுப்பினதைச் சரிபார்த்தேன். ஒவ்வொரு இதழ்லயும் ஒரே ஒரு கட்டுரைதான் வந்திருக்கு."

"ஒவ்வொன்றிலும் ஏழு, எட்டு இருக்குமேம்மா?"

"அனுப்பின பதிவுல பாத்தேன், உங்க கோப்புப் பேருக்கெல்லாம் முன்னாடி ஒரு எழுத்து இருக்கே, 'உ'ன்னு. அது எதுக்கும்மா?"

அது நான் எப்போதும் இடும் பிள்ளையார் சுழி. காகிதத்தில் எழுதியபோது தலைப்பில் இட்டேன். கணினிக்கு வந்த பிறகு கோப்பின் பெயரில் இட்டேன். முதலில் உ, அடுத்து வரிசை எண், அதற்கடுத்துக் கட்டுரையின் பெயர். மென்பொருள் பழையது, தமிழ் எழுத்தைக் கண்ட இடத்திலேயே பெயரைத் துண்டித்துவிடுமாம். காப்பகத்துக்கு இதழ் அனுப்பிய மற்றவர்கள் எண்ணை முன்னால் இட்டதால் அவர்களுக்கு எண்ணாவது மிஞ்சியது. என் கோப்புகளோ முதல் எழுத்திலேயே பெயர் இழந்து, எல்லாம் ஒரே பெயரில்லாப் பெயரோடு ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கடைசியாகப் போனது மட்டும் நின்றிருக்கிறது. காக்க வேண்டும் என்று நான் இட்ட சுழி கட்டுரைகளை விழுங்கிவிட்டது.

"பயப்படாதீங்க. சர்வர் இன்னும் ஆறு மணி வரைக்கும் இருக்குல்ல, நானே நேரா எடுத்துடறேன். உங்க அனுமதியை எழுதி அனுப்புங்க, கூடவே கட்டுரைப் பட்டியலும். பட்டியல் இல்லாம எது வந்துச்சு, எது விட்டுப்போச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆறுக்கு மேல போய்த் தேட முடியாது."

பட்டியல் மடத்தில், பட்டுக்குள், பூட்டுக்குள்.

மடத்துச் சாவி வைத்திருப்பவர் எங்களைவிட மூத்தவர். மடத்துப் படியேறி மூச்சிரைக்க நின்று சொன்னேன். அவர் பூத்தொடுப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"டீச்சரே, அந்த டப்பாவை பூஜைக்கு வெச்சப்பவே நான் கேட்டேன், இது புஸ்தகமா, டிபன் பாத்ரமான்னு. நீங்கதான் இதுக்குள்ளேயும் சரஸ்வதி இருக்கான்னு சொன்னேள். இருக்காளோ இல்லியோ?"

"இருக்கா."

"இருக்கான்னா நாளைக்குக் காலம்பற வரைக்கும் இருக்கட்டும். இல்லேன்னா இப்போ எடுத்துண்டு போங்கோ. இந்தாங்கோ தாக்கோல்."

சாவியை நீட்டினார். ஏளனமில்லை அதில்; உண்மையாகவே நீட்டினார். பூட்டு பத்தடி தூரத்தில் இருந்தது. என் கை எழவில்லை. ஆறு வயதிலிருந்து ஒருமுறைகூட நான் நவமியில் ஏட்டைத் தொட்டதில்லை. சர்வர் அணைந்தாலும் டிஸ்க்கில் இருக்கிறதே, நாளை எடுக்கலாமே என்றும் தோன்றியது. ஆனால் அந்த டிஸ்க்கைத் திறந்து பார்த்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. அது உயிரோடிருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. ஒரே ஒரு பிரதியை நம்புவது எத்தகையது என்று அந்தப் பெண் எனக்குப் பலமுறை சொல்லியிருந்தாள். சாவியை வாங்காமல் இறங்கி வந்தேன். யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து போகும் ஆட்டோக்களுக்கிடையில் தெருவைக் கடந்தது எப்படி என்று நினைவில்லை.

வீட்டில் கணவர் ஊறவைத்த கொண்டைக்கடலையை நைவேத்தியத்துக்காக வடித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எழுதப்படாது, படிக்கப்படாது. வாயால சொல்லப்படாதுன்னு யாராவது சொன்னாளோ?"

"நாற்பது இதழாச்சே, எல்லாம் நினைவிருக்குமா?"

"ஒவ்வொரு இதழுக்கும் ஒரு பாட்டுக் கட்டி, காலம்பற வெளக்கேத்தறப்போ முணுமுணுக்கறயே. இருபது வருஷமா நானும் கேட்டு அலுத்து மடுத்துப்போச்சு. அது இன்னிக்கி உதவாட்டா பின்னே என்னிக்கி உதவும்?"

உண்மைதான். ஒவ்வோர் இதழும் முடிந்ததும் அதன் உள்ளடக்கத்தை ஒரு வெண்பாவில் அடக்குவது என் வழக்கம். பழைய நூல்களில் பாடல்தொகை சொல்லும் பாட்டு இருக்குமே, அது போல. யாரும் கேட்டதில்லை, எனக்காகக் கட்டியவை. காப்பகத்துப் பெண்ணை அழைத்துச் சொன்னேன். அவள் மேலிடத்தில் கேட்டு, அனுமதியையும் பட்டியலையும் குரற்பதிவாகவே எடுத்துக்கொள்ள ஒப்புதல் பெற்றாள். பத்தரை மணிக்குத் தொலைபேசியை ஸ்பீக்கரில் வைத்துத் தொடங்கினோம். நான் ஓர் இதழின் பாட்டைச் சொல்லி, அதைப் பிரித்துக் கட்டுரை, ஆசிரியர் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவள் தன் பக்கம் வந்திறங்கிய கோப்பைத் திறந்து பார்த்து "இருக்கும்மா" என்பாள். அந்தச் சொல் வந்த பிறகே அடுத்த பெயருக்குப் போவேன். கணவரும் எழுதக்கூடாது என்பதால், கட்டுரைக்கு ஒரு கடலையாகத் தரையில் வரிசை வைத்தார். இதழுக்கு ஒரு வரிசை.

நடுவில் இருமுறை இணைப்பு அறுந்தது. ஒன்பதாம் இதழில் ஓரடி மறந்துவிட்டது. கண்ணை மூடி, விளக்கின்முன் நிற்பதாக எண்ணி முதலிலிருந்து சொன்னேன், வந்துவிட்டது. கடிகாரம் எதிரிலேயே இருந்தது. அதைத் துணிபோட்டு மூடலாமா என்றுகூடத் தோன்றியது.

பகல் ஒன்றரை மணியளவில் பதினெட்டாம் இதழ். பாட்டைச் சொன்னேன். ஏழு கட்டுரைகள். அவள் ஏழையும் இருக்கிறதென்றாள். பிறகு சற்று நிறுத்தினாள்.

"எண்ணிக்கை சரிம்மா. ஆனா ஆறுக்கு அப்புறம் எட்டுன்னு போட்டிருக்கு. ஏழாம் எண் இல்லையே?"

"நம்பர் போட்டதில் தவறியிருப்பேன்" என்றேன். சொன்னபோது என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"அப்ப சரி. பத்தொன்பது சொல்லுங்கம்மா."

கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.  பதினெட்டாம் வரிசையில் ஆறாவது கடலைக்குப் பின் ஒரு கடலைக்கான இடத்தை விட்டு அடுத்ததை வைத்தார்.

தவறவில்லை. ஏழாம் எண் இருந்தது.

பதினேழாம் இதழில் நான் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தேன். ஏட்டுச்சுவடியில் ரகரமும் நெடிலுக்கு இடும் காலும் ஒரே வடிவம்; புள்ளியும் இடமாட்டார்கள். ஒரு பாடலில் எல்லாரும் 'காவல்' என்று படித்ததை நான் 'கரவல்' என்று படித்தேன். இறைவன் காப்பவன் அல்லன், தன்னை மறைத்துக்கொள்பவன் என்பதே புலவரின் கருத்து என்று முப்பது பக்கம் எழுதினேன். பாராட்டுகள் வந்தன. பிறகு ஓர் அஞ்சலட்டை வந்தது. பள்ளுருத்தியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு மட்டாஞ்சேரிச் சுக்குக் கிடங்கில் மூட்டை தைக்கும் ஒருவர், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், தந்தையிடம் பாடக் கற்றவர். யாரோ கைப்பேசியில் என் கட்டுரையைக் காட்ட, முழுவதும் படித்திருக்கிறார். "அம்மா, பாடிப் பாருங்கள். கரவல் என்றால் தாளம் அந்த இடத்தில் இடறுகிறது" என்று மட்டும் எழுதியிருந்தார்.

பாடிப் பார்த்தேன். இடறியது.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டேன், அவர் பெயரோடு. நேர்மையாக நடந்துகொண்டேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அந்த இதழுக்குப் பாட்டுக் கட்டியபோது அதைச் சேர்க்கவில்லை. சீர் இடம் கொடுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓராண்டு சென்றபின், அது கட்டுரை அல்ல, குறிப்புத்தானே என்று காரணம் சொல்லி, இதழின் கோப்புறையிலிருந்து எடுத்துப் 'பலவகை' என்னும் வேறொரு கோப்புறையில் போடச் செய்தேன். இதழைப் புரட்டுவோர் கண்ணில் அது படாது. கட்டுரை மட்டும் படும்.

பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. வாய் சொல்லிக்கொண்டே போனது. அதுவரை எதுவும் போய்விடக்கூடாதே என்று நடுங்கியவள், இப்போது ஒன்று போகட்டும் என்று காத்திருப்பதைக் கண்டு நடுங்கினேன். ஆறு மணி ஆனால் போதும்; நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஐந்தாறு ஊர்களில் என் கட்டுரை இருக்கும். ஒன்றையொன்று ஒத்துப் பார்த்து, ஓரெழுத்தும் கெடாமல், கரவல் என்றே நெடுங்காலம் இருக்கும். அதைத் திருத்திய ஒரே குரல் இருக்காது. அம்மனிதரின் பெயர் ஆய்வுலகில் இருந்தது அந்த ஒரு பக்கத்தில் மட்டும்தான். கிடங்கு மூடப்பட்டபின் அவர் எங்கே போனார் என்றும் எனக்குத் தெரியாது.

நாற்பதாம் இதழ் முடிந்தபோது ஐந்து இருபது.

"அப்பாடா! எல்லாம் வந்துடுச்சும்மா. மூடிடலாமா?" என்றாள் அவள்.

 கணவர் ஒரு கடலையை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஏழாம் நம்பர் பெட்டி இல்லாம எட்டாம் நம்பர் பெட்டியை எந்தத் தொரைமுகத்திலேயும் ஒப்புக்க மாட்டா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? இடம் காலியா இருக்கு. அவ்வளவாக்கும்."

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கிறேன்" என்றேன். "பதினெட்டாம் இதழில் ஏழாம் எண் இருக்கிறது. நம்பர் தவறவில்லை, நான்தான் பொய் சொன்னேன். அது பலவகை என்று ஒரு கோப்புறையில் இருக்கும். தயவுசெய்து தேடம்மா."

சர்வரில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கட்டங்களாகத் தெரிகின்றன என்றாள். பத்துப் பன்னிரண்டு கோப்புறைகள். ஒவ்வொன்றாகத் திறந்தாள், பழைய அழைப்பிதழ்கள், நிழற்படங்கள், விழா அறிக்கைகள். ஒவ்வொன்றும் திறக்க ஒரு யுகம் ஆயிற்று. ஐந்து முப்பத்தைந்து. ஐந்து நாற்பத்திரண்டு. எங்கள் தெருவில் யாரோ மாலை விளக்குக்கு மணி அடித்தார்கள். என்னால் அமர முடியவில்லை. எழுந்து விளக்கின் முன் போய் நின்றேன். இது கிடைக்காவிட்டால் அந்த நாற்பது இதழும் எனக்கு வேண்டாம் என்று அம்மனிடம் சொல்லிவிட்டேன். மனத்தில் அப்படித்தான் வந்தது.

"ஒரு பக்கக் கோப்பு ஒண்ணு இருக்கு. படிக்கட்டுமா?" என்று உரக்கவே படித்தாள். "காவல் என்பதைக் கரவல் எனப் படித்தது என் பிழை. பாடிப் பாராமல் எழுதினேன். இதைச் சுட்டியவர்..." அவர் பெயரைச் சொன்னாள். "...சுக்குக் கிடங்குத் தொழிலாளி, பள்ளுருத்தி. அவருக்கு இவ்விதழ் கடன்பட்டுள்ளது."

"அதுதான்."

"எடுத்தாச்சும்மா. பதினேழாம் இதழ்ல உங்க கட்டுரையோட இதைச் சேத்துக் கட்டிடறேன். அதைத் திறக்கறவங்களுக்கு இதுவும் தெரியும். சரிதானே?"

சரி என்று சொன்னேன். கணவர் குனிந்து காலியிடத்தில் கடலையை வைத்தார்.

"சுக்கு மூட்டை எறங்கித்து" என்றார். "இனி இதையெல்லாம் வாரி வேகவெக்கட்டுமா? நேவேத்தியத்துக்கு நேரமாயாச்சு."

ஆறு மணிக்குச் சர்வர் நின்றது. நிற்கும்போது ஒரு சத்தமும் கேட்கவில்லை.

மறுநாள் பூஜையெடுப்பில் சாவிக்காரர் பட்டுமூட்டையை என் கையில் கொடுத்து, "எப்படி, சரஸ்வதி இருந்தாளா?" என்றார். வீட்டுக்கு வந்து டிஸ்க்கைக் கணினியில் பொருத்தினேன். அது பழுதில்லாமல் திறந்தது. நாற்பது இதழ்களும் இருந்தன. ஒரு கட்டுரைகூடக் குறையவில்லை. பதினெட்டாம் இதழில் ஆறுக்குப் பின் எட்டு இருந்தது. அந்த டிஸ்க்கில் நான் படியெடுத்தது இதழ்களை மட்டும், பலவகையை அல்ல.

நாள் முழுவதும் எவற்றுக்காக அஞ்சினேனோ அவை பட்டுக்குள் பத்திரமாக இருந்திருக்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லாமல், ஆறு மணிக்குள் மறைந்துபோக இருந்தது நான் ஒளித்த அந்த ஒரு பக்கம் மட்டுமே. காக்க வேண்டியதை மறைத்து, காவலைக் கரவலாக நான் இரண்டாம் முறையும் படித்திருக்கிறேன். இந்த ஓராண்டில் அதை எண்ணாத நாளில்லை.

பதினெட்டாம் இதழின் பாட்டைக் கலைத்து மறுபடி கட்டினேன். இப்போது அதில் எட்டும் இருக்கின்றன. சீர் இடம் கொடுத்தது. இன்று காலை விளக்கேற்றும்போது அதைத்தான் சொன்னேன்.

இதைப் படிக்கும் நீங்கள் எந்த ஊரில், எந்தத் திரையில், எத்தனை ஆண்டுகளுக்குப் பின் படித்தாலும் உங்கள் கண் ஒளி குன்றாதிருக்கட்டும். உங்கள் சொல் உங்களுக்குப் பின்னும் வாழட்டும். அதன் பிழையைச் சொல்ல ஒரு குரல் உங்கள் வாசலைத் தேடி வரட்டும். வந்த குரலை மறைக்காமல் காக்கும் மனம் உங்களுக்கு வாய்க்கட்டும். பள்ளுருத்திச் சகோதரர் இருக்குமிடத்தில் நலமாக இருக்கட்டும். எல்லாருக்கும் மங்களம்.